அதிகம் தெரியாத தமிழ் எழுத்தாளர்களோட கையெழுத்துப் போட்ட முதல் பதிப்புகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய தமிழ்ப் புத்தகம் சேர்க்கிறவங்க, இப்பத்தான் ஆரம்பிக்கிறவங்க எல்லாரும் திரும்பத் திரும்ப கேட்கிற கேள்விகளை ஒரே இடத்துல போட்டிருக்கேன். பெரிய பேர் வாங்கினவங்களைப் பத்தி இல்ல, ஒண்ணு ரெண்டு புத்தகம் போட்டுட்டு ஒதுங்கினவங்க, சொந்தக் காசுல அச்சடிச்சவங்க, சிறுபத்திரிகைல மட்டும் பேர் தெரிஞ்சவங்க, இவங்க புத்தகங்களைப் பத்தித்தான்.

எதுக்கு தெரியாதவங்க புத்தகத்தைச் சேர்க்கணும்? பெரிய எழுத்தாளர் கையெழுத்துன்னா மதிப்பாச்சும் இருக்கும்ல?

பெரிய எழுத்தாளர் புத்தகம் எப்படியும் பிழைச்சுக்கும். இருபதாவது பதிப்பு வரும், ஆய்வுப் பதிப்பு வரும், நாட்டுடைமை ஆச்சுன்னா பத்து பதிப்பகம் போடும். 1971ல தன் காசுல ஒரு கவிதைத் தொகுப்பு போட்ட ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்கு முதல் பதிப்புதான் கடைசிப் பதிப்பும், அது போச்சுன்னா அவர் எழுதினதே போச்சு. அதனால நான் இதை பொழுதுபோக்கா பார்க்கிறதில்ல, காப்பாத்துற வேலையாத்தான் பார்க்கிறேன்.

இன்னொண்ணு, இன்னிக்கு யார் தெரியாதவர்ங்கிறது நிலையா இருக்கிற விஷயமே இல்ல. ப. சிங்காரம் எழுதினது மொத்தம் ரெண்டே நாவல், 'கடலுக்கு அப்பால்' 1959, 'புயலிலே ஒரு தோணி' 1972. வந்த காலத்துல பெருசா யாரும் கண்டுக்கல, மதுரைல பத்திரிகை வேலை பார்த்துக்கிட்டு அமைதியா இருந்துட்டு 1997ல இறந்தார், இன்னிக்கு தமிழோட முக்கியமான நாவல் பட்டியல் எதைப் போட்டாலும் அவர் இல்லாம போட முடியாது. அந்த 1972 பிரதியை அன்னிக்கு அலமாரில பத்திரமா வெச்சவங்க விலை ஏறும்னு கணக்குப் பண்ணி வெச்சிருக்க மாட்டாங்க, படிச்சுப் பிடிச்சுப் போயி வெச்சிருப்பாங்க. அதுதான் சரியான காரணம்.

முதல் பதிப்புதான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

தலைப்புப் பக்கத்துக்குப் பின்னாடி பாருங்க. "முதற்பதிப்பு: டிசம்பர் 1978"ன்னு போட்டு அதுக்குக் கீழ வேற பதிப்பு எதுவும் இல்லன்னா பாதி வேலை முடிஞ்சுது. பல புத்தகத்துல அந்தப் பக்கத்துலயே ஒரு பட்டியல் இருக்கும், நூல் பெயர், ஆசிரியர், பக்கம், அளவு கிரௌன் இல்ல டெம்மி, தாள் எத்தனை கிலோ, எழுத்து எத்தனை புள்ளி, கட்டுமானம், அச்சிட்டோர்னு. நூலக ஆர்டருக்குக் கொடுக்கணும்னு போட ஆரம்பிச்ச விவரம்தான், ஆனா நமக்கு அது புதையல். "படிகள் 1000"ன்னு எண்ணிக்கை வரைக்கும் சிலர் போட்டிருப்பாங்க.

மீதிப் பாதிதான் சிக்கல். தமிழ்ல ஒரு புத்தகம் பதிப்பகம் மாறினா புதுப் பதிப்பகம் திரும்பவும் "முதல் பதிப்பு"ன்னு போட்டுடுவாங்க. அவங்களுக்கு அது முதல் பதிப்புதான், பொய் இல்ல, ஆனா புத்தகத்துக்கு அது மூணாவதா இருக்கலாம். பொறுப்பான பதிப்பகங்கள் ரெண்டையும் தனித்தனியா போடுவாங்க. போடலன்னா முன்னுரைகளைப் படிங்க, "இந்நூல் மீண்டும் வெளிவருவதில் மகிழ்ச்சி"ன்னு ஆசிரியரே எங்கயாவது ஒரு வரி எழுதியிருப்பார், முன்னுரைக்கு அடில இருக்கிற தேதியும் பதிப்பு வருஷமும் ஒத்துப்போகுதான்னும் பாருங்க.

அட்டை வேற மாதிரி இருக்கேன்னு உடனே ஒதுக்காதீங்க. சின்னப் பதிப்பகங்கள்ல அச்சடிச்ச பாரங்களை (ஒரே பெரிய தாள்ல அச்சடிச்சு மடிக்கிற பக்கக் கட்டுகளை) மொத்தமா பைண்டு பண்ண மாட்டாங்க, காசு வர வர கொஞ்சம் கொஞ்சமா பண்ணுவாங்க, அதனால ஒரே முதல் பதிப்பு ரெண்டு அட்டைல, ரெண்டு விதமான தையல்ல கிடைக்கும். பழைய விலை மேல புது விலை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதும் இப்படித்தான். ஸ்டிக்கரை உரிக்காதீங்க.

வருஷமே போடாத புத்தகத்துக்கு என்ன பண்றது?

இதுக்கு நிறைய தடயம் இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலையும் இதுதான்.

விலை அணால இருந்தா பெரும்பாலும் 1957க்கு முன்ன, ஏன்னா அந்த வருஷம் ஏப்ரல்லதான் நயா பைசா வந்துச்சு. முகவரில "சென்னை-5"ன்னு மட்டும் இருந்தா பழசா இருக்கலாம், ஆறு இலக்க பின்கோடு போட்டிருந்தா கட்டாயம் 1972 ஆகஸ்டுக்கு அப்புறம். அப்புறம் எழுத்து. லை, ளை, ணை, னை எல்லாம் யானைத் தும்பிக்கை மாதிரி மேல சுருண்டு இருந்தா, ணா, றா, னா பழைய வளைவுல இருந்தா, அது 1978 எழுத்துச் சீர்திருத்த அரசாணைக்கு முந்தின வடிவம். ஆனா இதை வெச்சு மட்டும் முடிவு பண்ணிடக் கூடாது, ஈய எழுத்தை உடனே தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்க எல்லா அச்சகத்துக்கும் வசதி இருக்கல, எண்பதுகள்லயும் பழைய எழுத்துலயே ஓட்டினவங்க இருந்தாங்க. அதே மாதிரி பெரியாரோட சுயமரியாதை இயக்க வெளியீடுகள்ல இந்தச் சீர்திருத்த எழுத்து முப்பதுகள்லயே வந்துடுச்சு, அதைப் பார்த்துட்டு புதுப் புத்தகம்னு நினைச்சுடாதீங்க.

பக்கத்தைத் திருப்பி பின்பக்கம் விரலால தடவிப் பாருங்க. எழுத்து அழுந்தின மேடு கைல தட்டுப்பட்டா ஈய எழுத்துல கோத்து அச்சடிச்சது. வழவழன்னு இருந்தா ஆப்செட். பழைய புத்தகத்தை போட்டோ எடுத்து அப்படியே ஆப்செட்ல மறுபதிப்பு போட்டிருந்தாங்கன்னா எழுத்து வடிவம் ஏமாத்தும், விரல் ஏமாத்தாது.

லிமிடெட் எடிஷன்னு தமிழ்ல உண்டா?

நம்பர் போட்டு, "இது 250ல 17வது பிரதி"ன்னு ஆசிரியர் கையெழுத்தோட வர்ற வழக்கம் நம்மகிட்ட ரொம்ப ரொம்ப அபூர்வம். பக்கத்துல வர்றதுன்னா முன்பதிவு பண்ணினவங்களுக்குன்னு தனியா கெட்டி அட்டைல போடுறது, ஜெயமோகனோட 'வெண்முரசு' நாவல்களுக்கு கிழக்கு பதிப்பகம் கொண்டுவந்த செம்பதிப்பு மாதிரி. இப்ப பல பதிப்பகங்கள் முன்வெளியீட்டுத் திட்டத்துல ஆசிரியர் கையெழுத்தோட அனுப்புறாங்க, நல்ல பழக்கம்.

ஆனா உண்மைல யோசிச்சா நம்ம சிறுபத்திரிகை வெளியீடுகள் எல்லாமே லிமிடெட்தான், திட்டம் போட்டு இல்ல, வசதி அவ்ளோதான். வழக்கமான நாவலுக்கு 1200 பிரதிங்கிறது ரொம்ப காலம் பழக்கத்துல இருந்த எண், கவிதைன்னா அதுக்கும் ரொம்பக் கம்மி. 'எழுத்து' சிறுபத்திரிகை நடத்தின சி.சு. செல்லப்பா தான் போட்ட புத்தகங்களை தானே சுமந்துக்கிட்டு கல்லூரி கல்லூரியா போய் வித்தவர், கடைசி காலத்துல 'சுதந்திர தாகம்' மூணு பாகத்தையும் அவரேதான் வெளியிட்டார், 1998ல இறந்தார், சாகித்ய அகாதெமி விருது 2001ல வந்துச்சு. இப்படி ஒருத்தர் கையால வித்த பிரதி கிடைச்சா அதுல நம்பர் இல்லையேன்னு யார் வருத்தப்படுவாங்க?

கையெழுத்து உண்மையானதுதான்னு எப்படி நம்புறது?

தெரியாத எழுத்தாளர்ங்கிறதுல இது ஒரு வசதி, போலி பண்றதுக்கு யாருக்கும் லாபமில்ல. குழப்பம் வேற மாதிரி வரும். முன்னுரைக்கு அடில பிளாக் எடுத்து அச்சடிச்ச கையெழுத்தை நிஜம்னு நினைச்சு விக்கிறாங்க, ரப்பர் ஸ்டாம்ப் கையெழுத்தும் உண்டு. வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங்க. மைப் பேனான்னா பழைய தாள்ல மை ஊறி ஓரம் பரவியிருக்கும், பால்பாயின்ட்னா பின்பக்கம் தடம் தெரியும். 1975ன்னு தேதி போட்டு ஜெல் பேனால கையெழுத்து இருந்தா வாங்காதீங்க, நம்ம ஊர்ல அந்தப் பேனா பரவலா வந்தது தொண்ணூறுகள்லதான்.

தேதிக் கணக்கும் போடுங்க. கவிஞர் ஆத்மாநாம் உயிரோட இருந்தப்ப வந்த தொகுப்பு 'காகிதத்தில் ஒரு கோடு' ஒண்ணுதான், 1981. அவர் 1984ல இறந்துட்டார். ஆக அவர் கையெழுத்துப் போட்ட புத்தகம்னு ஒண்ணு இருந்தா அது அந்த மூணு வருஷத்துக்குள்ள போட்டதாத்தான் இருக்கணும், அதுக்கப்புறம் வந்த தொகுப்புல கையெழுத்துன்னு யாராவது சொன்னா பேச்சே வேண்டாம்.

பேரையும் கவனிங்க. ஒரே எழுத்தாளர்தான், தமிழ்ல எழுதுறப்ப நகுலன், ஆங்கிலத்துல எழுதுறப்ப டி.கே. துரைஸ்வாமி. கவிஞர் பிரமிள் எண்கணித நம்பிக்கைல பேரை மாத்திக்கிட்டே இருந்தவர், தருமு சிவராமும் அவர்தான். அட்டைல ஒரு பேர், கையெழுத்துல வேற பேர்னா உடனே போலின்னு சொல்லிடாதீங்க.

உள்ள "நண்பர் இன்னாருக்கு அன்புடன்"னு வேற யார் பேரோ எழுதியிருக்கே, மதிப்பு குறையுமா?

குறையாது, என்னைப் பொறுத்தவரைக்கும் வெறும் கையெழுத்தை விட இதுதான் ஒசத்தி. வெறும் கையெழுத்து வெளியீட்டு விழால வரிசைல நின்னவங்களுக்கெல்லாம் கிடைச்சது. பேர் எழுதிக் கொடுத்தது ஒரு உறவோட பதிவு. அந்தக் காலத்துல சிறுபத்திரிகை எழுத்தாளர்கள் ஒருத்தருக்கொருத்தர்தான் வாசகர், கோவில்பட்டில இருக்கிறவர் திருவனந்தபுரத்துல இருக்கிறவருக்கு அனுப்புவார், அவர் படிச்சுட்டு கடுதாசி போடுவார். யார் யாரைப் படிச்சாங்க, யார் புத்தகத்தை யார் முதல்ல கைல வாங்கினாங்கங்கிற விவரம் எந்த இலக்கிய வரலாற்றுலயும் முழுசா இல்ல, இந்த முதல் பக்கங்கள்லதான் சிதறிக் கிடக்கு.

அதனாலதான் எனக்கு ஒரு பழக்கத்தைப் பார்த்தா மனசு பதறும். வீட்டுப் பெரியவர் போனதும் பிள்ளைங்க புத்தகத்தை எடைக்குப் போடுறதுக்கு முன்னாடி, அப்பா பேர் வெளில தெரிய வேணாம்னு அந்த முதல் பக்கத்தை மட்டும் கிழிச்சுட்டுப் போடுவாங்க. கடைக்காரங்களும் கிழிக்கிறதுண்டு. தயவுசெஞ்சு கிழிக்காதீங்க, வெள்ளை மை பூசாதீங்க, தெரிஞ்ச கடைக்காரர்கிட்ட எல்லாம் சொல்லி வைங்க. ஓரத்துல பென்சில் குறிப்பு, உள்ள மடிச்சு வெச்ச அஞ்சலட்டை, அழைப்பிதழ், பஸ் டிக்கெட் எதுவா இருந்தாலும் அந்தப் புத்தகத்தோடயே இருக்கட்டும்.

"மதிப்புரைக்கு"ன்னு முத்திரை குத்தின பிரதியும் அப்படித்தான். மதிப்புரைக்கு ரெண்டு பிரதி அனுப்பணும்ங்கிறது பத்திரிகைகளோட வழக்கம், அங்க குமிஞ்சதுல பல புத்தகம் பிரிக்காமலே பழைய கடைக்கு வந்துடும். ரொம்பப் புதுசா இருக்கிற முதல் பதிப்பு பல நேரம் இந்த வழிலதான் கிடைக்கும்.

எங்க தேடுறது?

சென்னைல மூர் மார்க்கெட் இருந்தவரைக்கும் இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான், அது 1985ல எரிஞ்சு போச்சு. இப்ப பக்கத்துல லில்லி பாண்ட் வளாகம், திருவல்லிக்கேணி நடைபாதை, மயிலாப்பூர் பக்கம் இருக்கிற பழைய கடைகள். ஜனவரில நடக்கிற சென்னைப் புத்தகக் காட்சில உள்ள போறதுக்கு முன்னாடி வெளில நடைபாதைல பரப்பியிருக்கிற கடைகளைப் பாருங்க. உள்ள போனா பெரிய ஸ்டாலை எல்லாம் விட்டுட்டு ரொம்ப காலமா இருக்கிற சின்னப் பதிப்பகங்கள்ல "பழைய ஸ்டாக் ஏதாவது இருக்கா அண்ணே"ன்னு கேளுங்க, எண்பதுல அச்சடிச்ச முதல் பதிப்பே விக்காம குடோன்ல கிடக்கும், அன்னிக்குப் போட்ட விலைலயே தருவாங்க. வாசகர் வட்டம், அன்னம், க்ரியான்னு பழைய வெளியீட்டு அடையாளங்களை அட்டையோட முதுகுலயே கண்டுபிடிக்கிற அளவுக்குப் பழகிக்கங்க, கட்டுக்கட்டா அடுக்கி வெச்சிருக்கிற இடத்துல முன் அட்டையைப் பார்க்கவே முடியாது.

சின்ன ஊர்ல எடைக்கு வாங்குற பழைய பேப்பர் கடைகளை மறக்காதீங்க. ஆன்லைன்ல வாங்குறதுன்னா அட்டை படம் மட்டும் பார்த்து பணம் அனுப்பாதீங்க, பதிப்பு விவரப் பக்கமும் கையெழுத்துப் பக்கமும் போட்டோ கேளுங்க. அட்டை கிழிஞ்சிருந்தா போட்டோல தெரியும், நடுவுல ஒரு பாரம் இல்லன்னா தெரியாது, பக்க எண்ணை ஒருதடவை பார்த்துச் சொல்லச் சொல்லுங்க.

நூலக முத்திரை இருக்கிற புத்தகம் வாங்கலாமா?

நீக்கப்பட்டதுன்னு முத்திரை இருந்தா வாங்கலாம். மூடிப்போன வாடகை நூலகங்களோட சீல்னா பிரச்சினையே இல்ல. பொது நூலக சீல் மட்டும் இருந்து நீக்கின அடையாளம் எதுவும் இல்லன்னா எவ்ளோ அபூர்வமா இருந்தாலும் வாங்காதீங்க, முடிஞ்சா அந்த நூலகத்துக்குத் தகவல் சொல்லுங்க. நாம காசு கொடுத்தா அடுத்த புத்தகமும் அங்கேர்ந்து கிளம்பும்.

எழுத்தாளர்கிட்ட கையெழுத்து எப்படிக் கேட்கிறது? வீட்டுக்குப் போகலாமா?

போன் பண்ணிக் கேட்டுட்டுப் போங்க, பெரும்பாலானவங்க சந்தோஷப்படுவாங்க. எழுபது எண்பது வயசுல, முப்பது வருஷம் முன்னாடி தான் எழுதின புத்தகத்தை ஒருத்தர் கைல வெச்சுக்கிட்டு வாசல்ல நிக்கிறதை அவங்க எதிர்பார்த்திருக்கவே மாட்டாங்க. படிச்சுட்டுப் போங்க. "ஐயா, அந்தக் கதைல அந்த அத்தை ஏன் அப்படிப் போயிட்டாங்க"ன்னு ஒரு கேள்வி கேட்டீங்கன்னா போதும், அந்தப் புத்தகம் எப்படி அச்சாச்சு, எவ்ளோ கடன் வாங்கினாங்க, எத்தனை பிரதி வித்துச்சுன்னு எல்லாம் தானா வரும். அனுமதி கேட்டு குறிச்சு வெச்சுக்கங்க.

தலைப்புப் பக்கத்துல போடச் சொல்லுங்க, முதல்ல இருக்கிற வெத்துத் தாள்ல வேணாம், அதுதான் முதல்ல கழண்டு விழும். உங்க பேர், தேதி, ஊர் மூணும் எழுதச் சொல்லுங்க. பேனா நீங்களே கொண்டு போங்க, எழுதினதும் காயட்டும், உடனே மூடாதீங்க. ஒருத்தர்கிட்ட ஒரே நேரத்துல பத்து பிரதி நீட்டாதீங்க, கை நடுங்குற வயசுல இருக்கிறவங்களை அது வதைக்கிற மாதிரி.

முக்கியமா, தள்ளிப் போடாதீங்க. இந்த எழுத்தாளர்கள்ல நிறைய பேருக்கு இரங்கல் கூட்டம் நடந்த பிறகுதான் நாம புத்தகத்தைத் தேடவே ஆரம்பிக்கிறோம்.

இதுல பணம் பண்ண முடியுமா?

முதலீடா நினைச்சா வேணாம். தமிழ்ல இதுக்கு ஏல மையமோ, விலைப் பட்டியலோ ஒழுங்கா உருவாகல, ஒரே புத்தகம் ஒரு கடைல ஐம்பது ரூபாய்க்கும் இன்னொருத்தர்கிட்ட ஐயாயிரத்துக்கும் கிடைக்கும். வாங்கிப் படிச்சுட்டு வெச்சிருக்கிறதுல சந்தோஷம் இல்லன்னா இதுக்குள்ள வராதீங்க.

இப்ப வர்ற பிரின்ட் ஆன் டிமாண்ட் புத்தகத்துக்கு முதல் பதிப்புன்னு அர்த்தம் உண்டா?

ஆர்டர் வர வர ஒவ்வொரு பிரதியா அச்சடிக்கிற முறை இது, உண்மையிலேயே கஷ்டமான கேள்வி. 2021 முதல் பதிப்புன்னு போட்டிருக்கும், ஆனா போன வாரம் அச்சடிச்ச பிரதியா இருக்கும், ரெண்டுக்கும் வித்தியாசமே தெரியாது, நடுவுல ஆசிரியர் பிழை திருத்தியிருந்தாக்கூட பதிப்பு விவரத்தை மாத்தியிருக்க மாட்டாங்க. அதனால இந்த வகைல கையெழுத்தும் தேதியும்தான் ஒரே சாட்சி. வெளியீட்டு நாள்ல, வந்த மாசத்துல தேதியோட வாங்கிடுங்க. இன்னிக்கு இருநூறு முன்னூறு பிரதி போடுற புது ஆட்களோட முதல் புத்தகங்களைத் தேட வேண்டியதே இல்ல, அப்பவே வாங்கினா போதும்.

மாத நாவல், பைண்டு பண்ணின தொடர்கதை எல்லாம் கணக்குல வருமா?

வரும். வாரப் பத்திரிகைலேர்ந்து கிழிச்சு வீட்ல பைண்டு பண்ணினதுதான் பல நாவலோட உண்மையான முதல் அச்சு, படங்களோட. புத்தகமா வந்தப்ப படம் எல்லாம் போயிடுச்சு. மாத நாவல் நியூஸ்பிரின்ட்ல வந்ததால சீக்கிரம் பொடியாகும், கிடைச்சா எடுத்து வைங்க.

இலங்கைப் பதிப்புகள்?

தனியா கவனம் கொடுக்கணும். எழுபதுகள்ல வீரகேசரி பிரசுரம் போட்ட நாவல்கள், டொமினிக் ஜீவாவோட மல்லிகைப் பந்தல் வெளியீடுகள், யாழ்ப்பாணத்துல சின்ன அச்சகங்கள்ல வந்த கவிதைகள் இதெல்லாம் தமிழ்நாட்டுல அப்பவே கம்மியாத்தான் வந்துச்சு. 1981ல யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரிச்சப்ப சுமார் 97,000 நூல்கள் போச்சு, அப்புறம் போர், இடப்பெயர்வுன்னு வீட்டு அலமாரிகளும் போச்சு. அங்கேர்ந்து தப்பி டொரன்டோலயோ லண்டன்லயோ ஒரு வீட்ல இருக்கிற கையெழுத்துப் பிரதி ஒண்ணு ஒண்ணும் முக்கியம். கைல இருந்தா, இலங்கைத் தமிழ் நூல்களை இணையத்துல சேர்த்து வைக்கிற நூலகம் நிறுவனத்தோட எண்ணிம நூலகத்துல அந்தத் தலைப்பு ஏற்கெனவே இருக்கான்னு பாருங்க, இல்லன்னா அவங்ககிட்ட பேசுங்க.

எப்படிப் பாதுகாக்கிறது?

செல்லோடேப் ஒட்டவே ஒட்டாதீங்க, பத்து வருஷத்துல பழுப்பாகி தாளையும் சேர்த்துத் தின்னுடும். அட்டையை லேமினேட் பண்ணாதீங்க, மறுபைண்டிங் பண்ணினா ஓரம் வெட்ட விடாதீங்க, அந்த ஓரத்துலதான் குறிப்பெல்லாம் இருக்கும். மெல்லிசு கவிதைப் புத்தகங்கள்ல நடுவுல குத்தின பின் துருப்பிடிச்சு தாளை அரிக்கும், மெதுவா எடுத்துட்டு பருத்தி நூலால தைச்சுடலாம். அலமாரியை சுவத்தோட ஒட்டாம கொஞ்சம் தள்ளி வைங்க, கரையானும் ஈரமும் சுவத்து வழியாத்தான் வரும். வேப்பிலை, வசம்பு துணில முடிஞ்சு பக்கத்துல வைக்கலாம், பக்கங்களுக்கு நடுவுல வேணாம், கறை பிடிக்கும். மழைக்காலம் முடிஞ்சதும் எல்லாத்தையும் ஒருதடவை எடுத்துத் தட்டி நிழல்ல காத்தாட வைங்க.

ஸ்கேன் பண்ணி எல்லாருக்கும் போடலாமா?

நாட்டுடைமை ஆனதா இருந்தா தாராளமா. மத்ததுக்கு ஆசிரியர் இறந்து 60 வருஷம் வரைக்கும் காப்புரிமை இருக்கு, குடும்பத்துக்கிட்ட கேட்கணும், கேட்டா பெரும்பாலும் சந்தோஷமா சரின்னுதான் சொல்வாங்க. ஆனா அட்டை, பதிப்பு விவரம், கையெழுத்துப் பக்கம் இது மூணையும் உங்களுக்காக நல்ல படமா எடுத்து வெச்சுக்கங்க. புத்தகம் போனாலும் அப்படி ஒண்ணு இருந்துச்சுங்கிற ஆதாரமாச்சும் நிக்கும். 1954 சட்டப்படி பதிப்பாளர்கள் சென்னை கன்னிமாரா நூலகத்துக்கும் இன்னும் மூணு நூலகத்துக்கும் பிரதி அனுப்பணும், ஆனா சொந்தமா அச்சடிச்சவங்க பல பேர் அனுப்பினதே இல்ல, அதனால அங்க இருக்கும்னு நம்பி விட்டுட முடியாது.

நமக்கு அப்புறம் இதெல்லாம் என்ன ஆகும்?

இப்பவே முடிவு பண்ணி வீட்ல எழுதி வைங்க. கோட்டையூர்ல ரோஜா முத்தையா தனியாளா சேர்த்ததை அவர் காலத்துக்கப்புறம் 1994ல சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கினதாலதான் இன்னிக்கு சென்னைல அவர் பேர்ல ஆய்வு நூலகமா நிக்குது. புதுக்கோட்டைல ஞானாலயா, கிருஷ்ணமூர்த்தி, டோரதி தம்பதி சேர்த்தது, முதல் பதிப்புகளுக்குன்னே பேர் வாங்கின இடம், ஒருதடவையாச்சும் போய்ப் பாருங்க. எந்த நூலகமும் மூட்டையா கொண்டு வந்து இறக்கினா திணறும், அதனால தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், வருஷம், யாருக்கு எழுதிக் கொடுத்தது, எங்க வாங்கினதுன்னு ஒரு பட்டியல் போட்டு, அவங்ககிட்ட ஏற்கெனவே இல்லாதது எதுன்னு முன்கூட்டியே கேட்டுக்கங்க. பட்டியலோட ஒரு நகலை வீட்ல விவரம் தெரிஞ்ச ஒருத்தர் கைல கொடுத்து, எந்த நூலகத்துக்குப் போன் பண்ணணும்னு அதுலயே மேல எழுதிடுங்க.